யாருடைய ஆட்சியின் கீழ் வாழ்வது? ஆயர் தாவார் வட்டாரம் சொல்லும் வரலாறு

கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் அது. கடவுளின் ஆட்சி இந்தப் பூமிக்கு வர வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. சிறு பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால், அந்த ஆட்சிக்கு உட்பட்டு வாழ்வது என்றால் என்ன என்று கேட்டால் பலரும் சற்றுத் தயங்குவார்கள்.

நாட்டை ஆள அரசாங்கம் இருக்கிறது. தோட்டத்தை ஆளத் துரை இருந்தார். வீட்டை ஆளப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இத்தனை ஆட்சிகளுக்கு நடுவே கடவுளின் ஆட்சி எங்கே நடக்கிறது? அதன் குடிமக்கள் யார்? கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்துவிட்டால் போதுமா? ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், ஆயர் தாவார், சித்தியவான் வட்டாரத்தின் நூற்றிருபது ஆண்டு வரலாறே ஒரு விடையைத் தருகிறது. அந்த விடை முழுமையாகப் புரிய, தமிழகத்தின் தென்கோடியில் உள்ள சில ஊர்களையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் சொல்லும் பொருள்

ஈப்போவிலிருந்து லுமுட் நோக்கிச் செல்பவர்கள் சித்தியவானை அடைவதற்கு முன்பாக ஆயர் தாவாரைக் கடக்கிறார்கள். மலாய் மொழியில் 'ஆயர் தாவார்' என்றால் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர் என்று பொருள். கடலுக்கு அருகில் உள்ள ஒரு வட்டாரத்தில் நன்னீர் கிடைக்கும் இடத்துக்கு அப்படிப் பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

பக்கத்து ஊரான சித்தியவானின் பெயருக்கும் ஒரு கதை சொல்வார்கள். இரண்டு யானைகள் ஒன்றாகச் சென்றனவாம். ஒன்று சேற்றில் சிக்கிக்கொண்டது. மற்றொன்று அதைவிட்டு விலக மறுத்து, கடைசிவரை அங்கேயே நின்று உயிர்விட்டதாம். 'செத்தியா கவான்', அதாவது உண்மையுள்ள நண்பன் என்ற சொல்லே நாளடைவில் சித்தியவான் என்று மாறியது என்பது மக்கள் வழக்கு. கதை உண்மையோ இல்லையோ, உண்மையாக இருப்பது என்றால் என்ன என்று சிந்திக்கப் பொருத்தமான ஊர்தான் அது.

கப்பலில் வந்த ஒரு சபை

1903-ஆம் ஆண்டு. கூட்டு மலாய் மாநிலங்களின் ஆங்கிலேய நிர்வாகத்துக்கு ஒரு கவலை இருந்தது. ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆள் பெருகிக்கொண்டே போனது. அவர்களுக்கு வேண்டிய அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. உள்நாட்டிலேயே நெல் பயிரிடக்கூடிய விவசாயிகள் தேவைப்பட்டார்கள்.

அதே சமயம், சீனாவின் புஜியான் மாநிலத்தில் பூச்சோ வட்டாரத்துக் கிறிஸ்தவ விவசாயிகள் நெருக்கடியில் இருந்தார்கள். நிலம் குறைவு, வறுமை அதிகம். 1895-இல் அந்த வட்டாரத்தின் குத்தியான் பகுதியில் 11 வெளிநாட்டவர் கொல்லப்பட்டனர். மிஷனரிகளும் அவர்களுடைய குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். 1900-இல் வட சீனாவில் மூண்ட பாக்சர் கலவரத்தில் ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்கள் உயிரிழந்தனர். கிறிஸ்தவராக இருப்பது சீனாவில் அச்சத்துக்குரிய காரியமாகிவிட்டிருந்தது.

இந்த இரண்டு தேவைகளையும் இணைத்தது மெதடிஸ்ட் மிஷன். ஜெர்மானியரான டாக்டர் லூரிங் என்ற மிஷனரி, அரசாங்கத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு சீனாவுக்குச் சென்றார். பல மொழிகள் அறிந்தவர் அவர். ஊர் ஊராகச் சென்று, புதிய நாட்டில் குடியேற விரும்பும் குடும்பங்களைத் திரட்டினார். 1903 செப்டம்பரில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 363 பேர் சித்தியவானில் வந்து இறங்கினர். அவர்களோடு அவர்களுடைய போதகர்களும் வந்தார்கள்.

இது சாதாரணக் குடியேற்றம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் மலாயாவுக்கு வந்த சீனர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சுரங்கத்தில் சம்பாதித்து ஊர் திரும்ப நினைத்தவர்கள். ஆனால், சித்தியவானுக்கு வந்தது ஒரு சபை. குடும்பம், போதகர், வழிபாடு, ஒழுங்கு எல்லாம் ஒரே கப்பலில் வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1901-இல், சரவாக்கின் சிபுவில் வோங் நாய் சியோங் என்பவர் தலைமையில் இதே பூச்சோ மக்கள் இதேபோலக் குடியேறியிருந்தார்கள்.

காட்டை வெட்டி, குடிசை போட்டு, கம்போங் கோவில் வழிபாட்டு இடம் அமைத்தார்கள். பள்ளிக்கூடமும் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் பிறகு எழுந்தன. கடவுளின் ஆட்சிக்கு உட்பட்ட ஓர் ஊரையே உருவாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த மக்களுக்கு இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்குச் சோதனை உடனே வந்தது.

நெல் கைவிட்டது, ரப்பர் கைகொடுத்தது

அரசாங்கம் அவர்களை வரவழைத்தது நெல் பயிரிடுவதற்காக. அந்த மண்ணில் நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. காட்டு நோய்கள் வாட்டின. வந்தவர்களில் சிலர் வேறிடம் தேடிப் போனார்கள்.

நம்பி வந்த பயிர் பொய்க்கும்போது மனிதனுக்குள் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "கடவுளை நம்பித்தானே வந்தோம், ஏன் இப்படி?" இறையாட்சி என்பது நல்ல விளைச்சலுக்கான உத்தரவாதம் என்று நினைத்தவர்கள் அந்த இடத்தில் மனம் உடைந்திருப்பார்கள். ஆனால், பெரும்பாலோர் தங்கினர். கைவசம் இருந்த நிலத்தில் கிடைத்ததைப் பயிரிட்டார்கள், பன்றி வளர்த்தார்கள். பிறகு ரப்பர் கன்று நட்டார்கள்.

ரப்பர் மரம் பால் தர ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் காத்திருக்க ஒரு குடும்பத்துக்குத் துணை வேண்டும். கடன் கொடுக்க ஒருவர், காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒருவர், சாவு விழுந்தால் தூக்க நான்கு பேர். சபையாக வந்தவர்களுக்கு அந்தத் துணை பக்கத்திலேயே இருந்தது. 1910-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, நெல்லுக்காக வந்தவர்களின் பொறுமைக்கு ரப்பர் பலன் கொடுத்தது. ரப்பரைத் தொடர்ந்து பூச்சோ குடியிருப்புகள் உள்நாட்டுப் பக்கம் பரவின. ஆயர் தாவார் அப்படி வளர்ந்த ஊர்களில் ஒன்று. இன்றும் அங்கே பூச்சோ மொழியைக் கேட்கலாம், கொம்பியா ரொட்டியைச் சூடாக வாங்கலாம்.

அபினும் கள்ளும்

விளைச்சலைவிடக் கடுமையான சோதனை ஒன்று இருந்தது. அதை அரசாங்கமே நடத்தியது. அதுதான் அபின்.

அன்றைய மலாயாவில் அபின் திருட்டுச் சரக்கு அல்ல. அரசாங்கமே குத்தகைக்கு விட்ட வியாபாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. 1907-இல் விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. மெதடிஸ்ட் மிஷனரிகள் அபினுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். அபின் நிற்கவில்லை. 1910-இல் குத்தகைதாரர் கையிலிருந்து அது அரசாங்கத்தின் கைக்கே நேரடியாக மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது.

ஒரு பூச்சோ விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்கக் காட்டில் உழைத்துவிட்டு வருகிறான். உடம்பு வலிக்கிறது. வலிக்கு மருந்துபோல் அபின் விற்கிறது. விற்பது சட்டப்படி சரி, வாங்குவதும் சட்டப்படி சரி. அரசாங்கமே அனுமதித்த ஒன்றை "வேண்டாம்" என்று சொல்ல, அரசாங்கத்தைவிட மேலான ஓர் ஆட்சி தன்மேல் இருப்பதாக அவன் நம்ப வேண்டும். மெதடிஸ்ட் சபையின் ஒழுங்கு அபினையும் சூதாட்டத்தையும் குடியையும் விலக்கியது. சிபுவில் வோங் நாய் சியோங் இதே அபின், சூது விஷயத்தில் உறுதியாக நின்றதாகச் சொல்லப்படுகிறது. கடன் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1904-இல் அவர் சிபுவை விட்டே போனார்.

ஞாயிறு ஓய்வும் அப்படித்தான். ரப்பர் மரம் வெட்டாத நாளில் பால் இல்லை, பால் இல்லாத நாளில் காசு இல்லை. வாரத்தில் ஒரு நாள் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வழிபாட்டுக்குப் போவது, சிறு தோட்டக்காரனுக்குச் சின்னக் காரியம் அல்ல. இறையாட்சிக்கு உட்படுவது பெரிய மேடையில் நடப்பதில்லை. அபின் கடை வாசலிலும் ஞாயிறு விடியற்காலையிலும்தான் நடக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு கடையின் நினைவு வரும். அதே பேராக்கில், அதே ரப்பர் மரங்களுக்கு நடுவே, தமிழர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் சபையாக வரவில்லை. கங்காணியின் பேரேட்டில் பெயராக வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். துரை, கிராணி, கங்காணி என்று அடுக்கடுக்கான ஆட்சி. மாலையில் தோட்டத்திலேயே கள்ளுக்கடை. காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்கும் சட்டத்தின் அனுமதி இருந்தது.

அந்தத் தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் சிறுபான்மை. வாரக்கணக்கில் போதகரைப் பார்க்காமலும் இருக்க நேரிடும். உபதேசியார் எப்போதாவது வருவார். ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபம் நடக்கும். கள்ளுக்கடைக்குப் போகாமல் அந்தத் திண்ணைக்குப் போவது யாரும் எழுதி வைக்காத ஒரு முடிவு. அந்த முடிவால் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் காசு மிஞ்சியிருக்கலாம். கூட்டாளிகளின் கேலியையும் தாங்கியிருக்க வேண்டியிருக்கும்.

கள்ளை எதிர்த்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து, போலீஸாரோடு மோத வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். சீர்திருத்த இயக்கத்தாரும் குரல் கொடுத்தார்கள். நல்லதைத் தேர்ந்தெடுக்கும் மனச்சாட்சி எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்து அல்ல. ஆனால், "நான் கடவுளின் ஆட்சிக்கு உட்பட்டவன்" என்று வாயால் சொல்பவனுக்கு அந்தத் தேர்வு கட்டாயக் கடமையாகிறது.

தமிழர்கள் கட்டிய அடைக்கல ஊர்கள்

சித்தியவானைப்போல் நம்பிக்கையின் அடிப்படையில் ஊர் அமைத்த அனுபவம் தமிழர்களுக்கும் உண்டு. அதுவும் நூறாண்டு முன்னதாகவே.

திருநெல்வேலிச் சீமையில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவர்களானவர்கள் பல இன்னல்களுக்கு ஆளானார்கள். சொந்த ஊரில் வாழ முடியாத நிலை. அவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் என்ற தமிழர், 1799-இல் நிலம் வாங்கி ஒரு புதிய ஊரை உண்டாக்கினார். அதுவே முதல் ஊர் என்பதால் முதலூர் என்று பெயர் பெற்றது. மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்தான். பின்னாளில் ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, துன்புறுத்தப்பட்டவர்கள் குடியிருக்க நிலம் வாங்க வழிசெய்தார். இப்படிப் பல அடைக்கல ஊர்கள் எழுந்தன.

பேராக்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சித்தியவானுக்கு முன்பே, 1880-களில், பாகான் செராயில் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருவான ஃபே, தமிழ்க் கத்தோலிக்க விவசாயிகளின் குடியிருப்பை அமைத்தார். பின்னாளில் மலாக்கா ஆயராக உயர்ந்தவர் அவர். கங்காணியின் கீழ்க் கூலியாக இல்லாமல், நிலத்தில் விவசாயியாகவும் சபையில் குடும்பமாகவும் தமிழர் வாழ அது ஒரு முயற்சி.

முதலூர், பாகான் செராய், சித்தியவான் என்ற மூன்று ஊர்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. நம்பிக்கைக்கு வேலி தேவை. தனியாக நிற்கும் செடியைவிடத் தோப்பில் நிற்கும் செடி காற்றைத் தாங்கும். ஒன்றுகூடி வாழ்வது பலவீனருக்கும் பலம் தரும்.

ஆனால், வேலி போட்டுவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? இங்கேதான் வரலாறு கேள்வியைத் திருப்பிப் போடுகிறது.

வேலியே இல்லாத ஒருவர்

முதலூர் உருவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், அதே தென்கோடியில், பின்னால் ஒரு ஊரும் இல்லாமல் தனியாக நின்றவர் தேவசகாயம்.

1712-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணியாற்றினார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் சிறைப்பட்ட டி லனாய் என்ற தளபதி, பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்புக்கு வந்தார். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்பு ஏற்பட்டுக் கலங்கியிருந்த நீலகண்டனுக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை டி லனாய் எடுத்துச் சொன்னார் என்பது வரலாறு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்ற பெயர் லாசரு என்ற பெயரின் தமிழ் வடிவம். கடவுளே துணை என்பது அதன் பொருள்.

1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். ராஜ துரோகம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எருமை மீது பின்புறம் பார்த்து அமர வைத்து ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டார். அடியும் அவமானமும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தன. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே மன்னரிடம் டி லனாய் கிறிஸ்தவராகவே இருந்து, 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். ஆகவே, கிறிஸ்தவனாக வாழ்வதும் அரசுக்கு விசுவாசமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. வரி நாணயத்தைக் காட்டிக் கேட்டவர்களுக்கு இயேசு சொன்ன பதிலின் கருத்தும் அதுதான். அரசனுக்குச் செலுத்த வேண்டியது வேறு, கடவுளுக்குச் செலுத்த வேண்டியது வேறு. மனச்சாட்சியையே அரசன் காணிக்கையாகக் கேட்கும்போதுதான் மோதல் வருகிறது. அந்த இடத்தில் தேவசகாயம் விட்டுக்கொடுக்கவில்லை. அரசனை எதிர்த்துக் கத்தி எடுக்கவும் இல்லை.

வடக்கன்குளத்துச் சுவர்

இந்த வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கும். ஆனால், அப்படி முடியவில்லை.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம் ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு தனித்தனி மண்டபங்களாக அமைந்தது. ஒரு மண்டபம் ஒரு சாதிக்கு, மற்றது இன்னொரு சாதிக்கு. ஒரே கடவுள், ஒரே பலிபீடம், நடுவே தடுப்பு. வெளியே இருந்து யாரும் வந்து அந்தத் தடுப்பைத் திணிக்கவில்லை. உள்ளே இருந்த கிறிஸ்தவர்களே கேட்டு வாங்கியது. 1910-இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஆலயத்தில் தங்களுக்குத் தனி இடம் உரிமை என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சிந்திக்க வேண்டிய இடம் இது. யாருக்காக ஒருவர் உயிரையே கொடுத்தாரோ, அவரைத் தொழும் இடத்திலேயே அடுத்த தலைமுறைகள் சாதியின் ஆட்சியைக் கொண்டுவந்து உட்கார வைத்தன. பெயர் கிறிஸ்தவப் பெயர்தான், ஞானஸ்நானப் பதிவேடும் சரியாகத்தான் இருந்தது. ஆனால், அந்த விஷயத்தில் ஆண்டது கடவுள் அல்ல. தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்கும் முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியது. அந்தத் திருத்தம் காலம் கடந்து வந்தாலும் தேவையான திருத்தம்.

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் இந்தச் சுமையை நாகப்பட்டினத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெண் பார்க்கும்போது எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் முதலில் ஜாதகம் போகிறது, எத்தனை வீடுகளில் சாதி விசாரிக்கப்படுகிறது என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

ஒரே பள்ளி, வேறு பாதை

மறுபடியும் சித்தியவானுக்கு வருவோம். 1924-இல் அந்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் ஒருவருக்கு ஒரு மகன் பிறந்தான். சீனப் பள்ளியிலும், பிறகு மெதடிஸ்ட் மிஷன் நடத்திய ஆங்கிலோ-சீனப் பள்ளியிலும் படித்தான். பின்னாளில் சின் பெங் என்ற பெயரில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவரானவர் அவர்தான். 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் நாடே அதிர்ந்தது. தோட்டங்களும் புதுக் கிராமங்களும் முள்வேலிக்குள் வந்தன. பேராக் மக்கள் எல்லா இனத்தவரும் அந்த ஆண்டுகளின் கசப்பைக் குடித்தார்கள். 1989-இல்தான் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. சின் பெங் 2013-இல் பாங்காக்கில் இறந்தார்.

அவரைப் பற்றிய அரசியல் தீர்ப்பு இங்கே நோக்கம் அல்ல. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இறையாட்சியின் கீழ் வாழ்வதற்காக ஒரு சபை கடல் கடந்து வந்து அமைத்த ஊரில், அந்தச் சபையின் மிஷன் நடத்திய பள்ளியில் படித்த ஒரு மாணவன், முற்றிலும் வேறோர் ஆட்சியைத் தேர்ந்தெடுத்தான். அதே பள்ளியில் படித்த மற்றவர்கள் ஆசிரியர்களாகவும் போதகர்களாகவும் ஆனார்கள். ஊர் ஒன்று, பள்ளி ஒன்று. தேர்வு மட்டும் வேறு வேறு.

ஒரு சபையையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவரலாம். நிலம் கொடுக்கலாம், கோயில் கட்டலாம், பள்ளி நடத்தலாம். நம்பிக்கையை மட்டும் சொத்தைப்போல மகன் பெயருக்கு எழுதி வைக்க முடியாது. பழைய ஏற்பாட்டில், வாக்களிக்கப்பட்ட நாட்டை அடைந்த பிறகும் யோசுவா மக்களைக் கூட்டி, யாருக்கு ஊழியம் செய்யப் போகிறீர்கள் என்று இன்றே தீர்மானியுங்கள் என்று கேட்கிறார். நாடு கிடைத்துவிட்டது, எல்லை வகுத்தாயிற்று, பிறகு ஏன் அந்தக் கேள்வி? ஏனென்றால், நாடு முன்னோர் வழியாகக் கிடைக்கும், தேர்வு கிடைக்காது.

இன்று கேட்க வேண்டிய கேள்வி

இன்று ஆயர் தாவார் வட்டாரத்தில் ரப்பர் மரங்களைவிடச் செம்பனை மரங்கள்தான் கண்ணில் படுகின்றன. லயத்து வீடுகளிலிருந்து தமிழர்கள் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். பூச்சோ குடும்பங்களின் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெருநாளுக்கு மட்டும் ஊர் நிரம்புகிறது. கம்போங் கோவில் பழைய குடியேற்றத்தின் நினைவுகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

அருங்காட்சியகத்தில் வைக்க முடிந்தவை பழைய படங்கள், பாத்திரங்கள், பைபிள்கள். 1903-இல் வந்தவர்கள் அபின் கடை வாசலில் எடுத்த முடிவை அங்கே வைக்க முடியாது. அது அவர்களோடு போய்விட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வேறு கடைகள் காத்திருக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அப்படித்தான். கள்ளுக்கடை போயிருக்கலாம். வட்டிக்காரனின் கடன் இருக்கிறது. சீட்டும் நான்கு இலக்க எண்ணும் இருக்கின்றன. குடும்பத்தைக் கலைக்கும் குடி இருக்கிறது. அலுவலகத்தில் கை நீட்டும் பழக்கம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வந்த அந்நிய நாட்டுப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் கொடுமையும் இருக்கிறது. ஒரு காலத்தில் கங்காணியின் பேரேட்டில் பெயராக வந்தவர்களின் பேரர்கள், இன்னொரு நாட்டிலிருந்து அப்படியே வந்தவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் இறையாட்சியின் கேள்விதான்.

ஒருவர் எந்த ஆட்சியின் கீழ் வாழ்கிறார் என்பதை அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பது ஓரளவுக்குத்தான் காட்டும். திங்கட்கிழமை கூலி கொடுக்கும்போதும், தராசு பிடிக்கும்போதும், சம்பந்தம் பேசும்போதும்தான் அது முழுமையாகத் தெரியும்.

கடவுளின் ஆட்சி வர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறவர்கள், அது வானத்திலிருந்து ஒரு நாளில் இறங்கிவிடும் என்று மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. சித்தியவானில் நெல் பொய்த்த பிறகும் தங்கியவர்களிடம் அது வந்தது. பெயர் தெரியாத லயத்துத் திண்ணைகளில் அது வந்தது. காற்றாடி மலையில் விலை கொடுத்து வந்தது. வடக்கன்குளத்தில் சுவர் விழுந்த அன்று தாமதமாக வந்தது. இனி எந்த வீட்டில் வரும் என்பதை அந்த வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.